ஒய்2கே வெறும் பூச்சாண்டியா?

கேள்வி: 2000 பிறந்ததும் விமானம் விழும், மின்சாரம் போகும் என்று ஒய்2கே (Y2K) என்ற கணினித் தேதிக் கோளாறின் பேரைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். விடிந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் காசு பார்க்கக் கட்டிவிட்ட கதைதானே அது?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: விமானம் விழும் என்றவர்கள் விட்டது கதைதான். ஆனால் கோளாறு கதையல்ல.

கணினிக்கான தகவலை அட்டையில் துளையிட்டுப் பதிந்த, ஒரு அட்டைக்கு 80 எழுத்து என்றிருந்த காலத்தில், இரண்டு இலக்கம் மிச்சம் பிடிப்பதே பெரிய காரியம். அதனால் பிறந்த வருடம் 1940 என்பதை 40 என்று பதிந்தார்கள். 1999-இல் அவர் வயதைக் கேட்டால், 99-இல் 40 போனால் 59. சரி. அடுத்த வருடம் 00-இல் 40 போனால்? மைனஸ் 40. கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதிய பல நிரல்கள் (புரோகிராம்கள்) அந்த மைனஸையும் விழுங்கிவிடும். பென்ஷன் வாங்க வேண்டியவர் 40 வயது வாலிபராகிவிடுவார். கணினி நின்று தொலைத்தாலாவது தெரியும். இது தப்பான விடையைக் கூசாமல் அச்சடித்துக் கொடுக்கும்.

ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் தவறு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கர்ப்பிணிகளின் வயதைக் கணினி தப்பாகக் கணக்கிட்டது. அதனால், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு எவ்வளவு என்று 154 பெண்களுக்குத் தவறான முடிவு போனது. 2000 மே மாதம் வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆபத்து குறைவு என்று சொல்லப்பட்ட நால்வருக்கு அந்தக் குறைபாட்டுடன் குழந்தை பிறந்தது.

இத்தாலியும் தென் கொரியாவும் அவ்வளவாகச் செலவழிக்காமலே தப்பித்தனவே என்று நீங்கள் மடக்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சிரமம்தான். பெரிய நிறுவனங்கள் திருத்திய மென்பொருள் அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது என்பது பாதி பதில். உலகம் கொட்டிய பல ஆயிரம் கோடி டாலரில் ஒரு பங்கு வீண் என்பது மீதி. சந்தடி சாக்கில், நன்றாக ஓடிய கம்ப்யூட்டரையும் மாற்றச் சொல்லிக் கல்லா கட்டியவர்கள் உண்டு. அமெரிக்கக் கம்பெனிகளின் பழைய நிரல்களை வரிவரியாகத் துழாவிய நம் பையன்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது உழைத்து வாங்கிய கூலி.

அந்தத் திருத்தமும் எல்லா இடத்திலும் முழுசாக நடக்கவில்லை. சில நிரல்களில் வருடத்தின் இரண்டு இலக்கம் 20-க்குக் கீழே இருந்தால் 2000-ஐச் சேர்ந்தது, மற்றதெல்லாம் 1900-ஐச் சேர்ந்தது என்று ஒட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். 2020 ஜனவரியில் 20 என்பது 1920 ஆகி, அவற்றில் சில பிய்ந்துகொண்டன. அடுத்த தவணை 2038 ஜனவரி 19. 1970-இலிருந்து நொடிகளை 32 பிட்டில் (0, 1 மட்டுமே கொண்ட 32 இலக்க எண்ணில்) எண்ணிவரும் பழைய கணினிகளுக்கு அன்று எண் தீர்ந்து, தேதி 1901-க்குப் போய்விடும். அதைத் திருத்தும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.