தோட்டத்துக் கேள்விகள்: விதை நல்லதுதான், மாதம்தான் தப்பு

கேள்வி: ஏப்ரல் கடைசியில் கேல் (kale) கீரை விதை போட்டேன். 5 நாளில் முளைத்தது. மொட்டை மாடி வெயிலில் கருகிவிடுமே என்று படிக்கட்டுக்கு அடியில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். நூல் மாதிரி நீண்டு எல்லாம் சாய்ந்துவிட்டன. விதை மோசமா? (வாசகி, கோவை)

பதில்: 5 நாளில் முளைத்த விதையைப் போய்க் குறை சொல்லலாமா? வெளிச்சம் இல்லாத இடத்தில் எந்த நாற்றும் வெளிச்சத்தைத் தேடி நீளும், அதில் ஈரமும் சேர்ந்தால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்து, கிள்ளி வைத்த மாதிரி ஒடுங்கி விழுந்துவிடும். இதுதான் நாற்றழுகல்.

கேல், முட்டைகோஸுக்கும் நூக்கலுக்கும் கூடப்பிறந்த செடி, குளிர்தான் அதற்குப் பிடிக்கும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கவலையில்லை. சமவெளியில் நாம் செப்டம்பர் கடைசி, அக்டோபரில் விதைத்தால் மார்கழி, தை முழுக்க இலை பறிக்கலாம். விதை கடுகு மாதிரிதான் இருக்கும், 1 செ.மீ. ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். முளை தெரிந்த அன்றே காலை வெயிலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மேல்மண்ணை விரலால் தொட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். நாலைந்து இலை வந்ததும் 12 அங்குலப் பைக்கு ஒரு செடி என்று மாற்றி நடுங்கள், பாவம் பார்த்து இரண்டு மூன்றை ஒரே பையில் திணித்தால் ஒன்றும் உருப்படாது. அப்புறம், சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறிய விதை என்றால் அதில் மருந்து தடவியிருப்பார்கள், மிச்சத்தை முளைக்கட்டிச் சாப்பிடக் கூடாது.

கேள்வி: போன நவம்பரில் நட்ட கேல், இலையெல்லாம் சல்லடை. பூச்சிமருந்து அடிக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வாரம் ஒரு முறை பறித்துச் சாப்பிடும் இலைக்கு அதெல்லாம் எதற்கு? இலையைத் திருப்பிப் பாருங்கள். பச்சையாகச் சின்னப் புழு இருக்கும், தொட்டால் துள்ளிப் பின்னால் போய், நூல் விட்டுத் தொங்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அது. கையால் பொறுக்குவதே முதல் வைத்தியம். பக்கத்துத் தொட்டியில் கொஞ்சம் கடுகு விதைத்துவிட்டால் தாய்ப்பூச்சி அதைத் தேடிப்போய் முட்டையிடும், நீங்கள் கடுகுச் செடியைப் பிடுங்கிப் போடலாம். அதற்கும் அடங்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கூடவே கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளியுங்கள். சோப்பு ஏன் என்றால், கேல் இலையில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு, வெறும் தண்ணீர் தாமரை இலையில் உருளுவது போல உருண்டு கீழே போய்விடும். சாம்பல் நிறத்தில் அப்பிக்கொண்டிருப்பது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி, அதைக் குழாய்த் தண்ணீரின் வேகத்திலேயே அடித்து விரட்டிவிடலாம்.

கேள்வி: தண்டுக்கீரை மாதிரி வேரோடு பிடுங்க வேண்டுமா? பொரியல் செய்தேன், மெல்லவே முடியவில்லை. (வாசகி, திருச்சி)

பதில்: ஐயோ, பிடுங்காதீர்கள்! அடியில் உள்ள இலைகளை மட்டும் ஒடித்து, உச்சியில் நாலைந்தை விட்டுவிட்டால் மாதக்கணக்கில் தந்துகொண்டே இருக்கும். நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள். மார்ச்சுக்குப் பிறகு கசப்பு ஏறும், அப்போது செடியை எடுத்துவிட்டு அந்தப் பையில் வெண்டை போட்டுக்கொள்ளலாம்.