லண்டனில் பவுண்டு எங்கே ஒழுகுகிறது? – கேள்வி பதில்

ஈஸ்ட் ஹாமில் குடியேறிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. கோடை வந்தால் ஊரிலிருந்து யாராவது வந்து இறங்காமல் இருப்பதில்லை. அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு சுற்றியதில், வந்தவர்களின் பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பது எனக்கு அத்துப்படி. கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. ஆகவே தொகைகளை அதிகம் சொல்லவில்லை.

கோவை வாசகர்: அக்கா, ஹீத்ரோவிலிருந்து விரைவு ரயிலில் 15 நிமிடத்தில் நகருக்குள் போய்விடலாமாமே?

போய்விடலாம். ஆனால் அது கொண்டுபோய் விடுவது பேடிங்டனில். உங்கள் விடுதி அங்கே இல்லையென்றால் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மறுபடி ஒரு ரயிலோ டாக்சியோ பிடிக்க வேண்டும். மிச்சம் பிடித்த நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். பிக்காடில்லி வழித்தடச் சுரங்க ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும், கட்டணமோ விரைவு ரயிலுக்கு ஆவதில் சுமார் கால் பங்குதான். எலிசபெத் வழித்தடம் விலையிலும் வேகத்திலும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வயதானவர்கள் உடன் வந்தால் நான் அதையே சொல்வேன். பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்தால் விரைவு ரயிலும் மலிவாகக் கிடைப்பதுண்டு.

மதுரை வாசகி: கணவர், நான், 8 வயது மகள், 13 வயது மகன் வருகிறோம். ஆய்ஸ்டர் அட்டை (பணம் ஏற்றிப் பயன்படுத்தும் லண்டன் பயண அட்டை) வாங்குவதா, நாள் பயணச் சீட்டு எடுப்பதா?

பெரியவர்கள் இருவருக்கும் இரண்டுமே வேண்டாம். தொட்டால் பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டை இருந்தால் அதையே வாயிலில் தொட்டுவிட்டுப் போகலாம். கட்டணம் ஆய்ஸ்டருக்கு உள்ளதுதான். ஒரு நாளில் குறிப்பிட்ட தொகையை எட்டிவிட்டால் அதற்குமேல் எத்தனை முறை ஏறினாலும் பிடிக்க மாட்டார்கள். காகிதச் சீட்டுக்கு நகர மையத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் அழ வேண்டும். வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு உங்கள் வங்கி எவ்வளவு பிடிக்கும் என்று மட்டும் கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். அது அதிகமென்றால் ஆய்ஸ்டர் அட்டை மேல், அதன் விலை திரும்பக் கிடைக்காது என்றாலும்.

இதில் சறுக்கும் இடங்கள் மூன்று. ஓர் அட்டையை இருவர் பயன்படுத்த முடியாது. காலையில் கைப்பேசியிலும் மாலையில் அட்டையிலும் தொட்டால், இரண்டும் ஒரே கணக்காக இருந்தாலும் இரண்டு பயணிகளாகவே கணக்கு ஏறும், உச்சவரம்பு கைநழுவும். என் சித்தப்பா நான்கு நாட்கள் இப்படியே சுற்றிவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்டார். மூன்றாவது, ரயிலை விட்டு வெளியேறும்போதும் தொட வேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம். பேருந்தில் ஏறும்போது தொட்டால் போதும். அங்கே ரொக்கம் 2014 முதலே வாங்குவதில்லை.

மகளுக்குக் கவலையே இல்லை. பெரியவர்களுடன் வரும் 11 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சுரங்க ரயிலும் பேருந்தும் இலவசம். மகனுக்கு மட்டும் ஓர் ஆய்ஸ்டர் அட்டை வாங்கி, நிலையப் பணியாளரிடம் 'யங் விசிட்டர்' சலுகையை ஏற்றித் தரச் சொல்லுங்கள். 14 நாட்களுக்குப் பாதிக் கட்டணம்.

தஞ்சாவூர் வாசகர்: மேல்தளம் திறந்த சுற்றுலாப் பேருந்தில் ஒரு நாள் சுற்றினால் எல்லாம் பார்த்துவிடலாம் அல்லவா?

பார்க்கலாம். அதே தெருக்களைச் சாதாரணச் சிவப்புப் பேருந்தின் மாடியில் முன்னிருக்கையில் உட்கார்ந்தும் பார்க்கலாம். டிரஃபால்கர் சதுக்கத்தில் 15ஆம் எண்ணைப் பிடித்தால் புனித பால் பேராலயத்தையும் லண்டன் கோபுரத்தையும் கடந்து கிழக்கே போகும். மேற்கே போக 9ஆம் எண், ராயல் ஆல்பர்ட் அரங்கம் வரை. 24ஆம் எண் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து கேம்டன் வழியாக ஹாம்ப்ஸ்டெட் புல்வெளி வரை. முதல் முறை தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம். வர்ணனை சொல்ல ஆள் இருக்காது. அதற்கு நான் இருக்கிறேனே என்று உறவினர்களிடம் சொல்வேன், பாதிதான் சரியாக இருக்கும்.

திருநெல்வேலி வாசகர்: லெஸ்டர் சதுக்கத்திலிருந்து கோவென்ட் கார்டனுக்கு எந்த ரயில்?

எந்த ரயிலும் வேண்டாம். 300 மீட்டர்கூட இல்லை. நடந்து போங்கள், ரயிலுக்காகப் படி இறங்குவதற்குள் சேர்ந்துவிடுவீர்கள்.

சென்னை வாசகி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது? பட்டியல் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

என் கணக்கு இது: காசு கொடுத்துப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று. என்னைக் கேட்டால் அது லண்டன் கோபுரம். கோஹினூர் பதித்த கிரீடம் அங்கேதான் இருக்கிறது. நம் ஊர்க் கல்லைப் பார்க்கப் பணம் கட்டுகிறோமே என்று வரிசையில் யாராவது ஒருவர் முணுமுணுக்காமல் இருப்பதில்லை.

உயரத்திலிருந்து பார்க்க ஷார்டு என்ற வானளாவிய கட்டடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். ஸ்கை கார்டன் இலவசம், ஹொரைசன் 22 இலவசம். சில வாரங்களுக்கு முன்பே இணையத்தில் இடம் பிடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குச் சுற்றிப்பார்க்கும் சீட்டு விலை அதிகம். மாலை வழிபாட்டுக்கு வருகிறேன் என்று போனால் கட்டணம் கிடையாது. பாடகர் குழு பாடுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கலாம். படம் எடுக்கவோ உலாவவோ கூடாது. புனித பால் பேராலயத்திலும் அப்படியே. கடவுள் நம்பிக்கை இல்லாத என் தம்பி இரண்டு நாள் தொடர்ந்து போனான்.

பெரிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் கூடங்கள் எல்லாமே இலவசம், சிறப்புக் கண்காட்சிக்கு மட்டுமே டிக்கெட். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களும் சோழர் கால நடராசரும் இருக்கிறார்கள். விக்டோரியா அண்டு ஆல்பர்ட்டில் திப்புவின் மரப்புலி. அதன் எதிரிலேயே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பிள்ளைகளை டைனோசர் பக்கம் விட்டால் அன்றைய பொழுது போய்விடும்.

ஈரோடு வாசகர்: சைவம்தான். உணவுக்கு என்ன செய்வது?

மதியத்துக்கு எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் சாண்ட்விச், நொறுக்குத்தீனி, பானம் மூன்றும் சேர்ந்த 'மீல் டீல்' உண்டு. ஏதேனும் ஒரு பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரவு எங்கள் பக்கம் வாருங்கள். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நகர மையத்து விலையில் பாதிக்கும் குறைவாகத் தோசையும் சாப்பாடும் கிடைக்கும். டூட்டிங், வெம்பிளி பக்கமும் அப்படியே.

மையத்து உணவகங்களில் பில்லின் அடியில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கும். அது பெரும்பாலும் கட்டாயமில்லை. உபசரிப்பு பிடிக்கவில்லையென்றால் நீக்கச் சொல்லலாம். அதைக் கட்டிவிட்டு மேலும் டிப்ஸ் வைக்காதீர்கள். தண்ணீர் கேட்டால் 'டேப் வாட்டர்' என்று சொல்லிக் கேளுங்கள், காசில்லை.

சேலம் வாசகி: கடையில் அட்டை இயந்திரம் "ரூபாயா, பவுண்டா?" என்று கேட்டது. ரூபாய் என்றேன். சரிதானே?

இல்லை தங்கையே. எப்போதும் பவுண்டு. ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்தப் பக்கத்தார் தீர்மானிப்பார்கள், பெரும்பாலும் நமக்கு நஷ்டமாக. வந்த புதிதில் நானும் ஒரு கடையில் அழுத்தினேன். ஒரு குளிர்கோட்டுக்கு ஏமாந்தது இன்றும் உறுத்துகிறது.

திருச்சி வாசகர்: வாங்கிய பொருட்களுக்கு விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாமா?

முடியாது. லண்டன் கடையில் வாங்கிப் பெட்டியில் எடுத்துச் செல்லும் பொருளுக்கு அந்தச் சலுகை 2021 தொடக்கத்தோடு போய்விட்டது. பாரிஸிலும் இறங்குவதாக இருந்தால் கைப்பையை அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி வாசகர்: வெஸ்ட் எண்டில் பூ அலங்காரமும் பாட்டுமாக ரிக்‌ஷா பார்த்தேன். ஏறலாமா?

படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற வேண்டாம். சில நிமிடச் சவாரிக்கு நூற்றுக்கணக்கில் பவுண்டு கேட்ட கதைகள் உண்டு.

நாகர்கோவில் வாசகி: கடைசி நாள் மாலை, கையில் காசு கொஞ்சம்தான். எங்கே போகலாம்?

கிரீனிச். ஓட்டுநர் இல்லாத டிஎல்ஆர் ரயிலில் முன்னிருக்கையைப் பிடித்து கட்டி சார்க் நிலையத்தில் இறங்குங்கள். பூங்காக் குன்றில் ஏறினால் நகரம் முழுவதும் கண்ணில் விரியும். வானாய்வகத்துக்குள் டிக்கெட், ஆனால் உலகின் கிழக்கையும் மேற்கையும் பிரிக்கும் அந்தப் பூஜ்ஜிய தீர்க்கரேகைக் கோடு சுவருக்கு வெளியிலும் குறிக்கப்பட்டிருக்கிறது, இரண்டு பக்கமும் கால் வைத்துப் படம் எடுக்கக் காசு வேண்டாம். பிறகு 1902இல் திறந்த நடைச் சுரங்கத்தில் தேம்ஸ் நதிக்கு அடியிலேயே நடந்து மறுகரைக்குப் போங்கள், அதுவும் இலவசம். ஐலண்ட் கார்டன்ஸில் நின்று திரும்பிப் பார்த்தால் வெள்ளைக் கட்டடங்களும் குன்றும் ஒரே சித்திரம்போல் தெரியும். பக்கத்திலேயே ரயில் நிலையம். லிஃப்ட் அவ்வப்போது பழுதாகும், ஏறத்தாழ நூறு படி ஏற வேண்டியிருக்கும். அம்மாவுக்கு மூட்டு வலி இருந்தால் குன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.