இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால்: வாரன்டி கேள்வி-பதில்

கேள்வி: என் காருக்கு வாரன்டி முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. நெடுஞ்சாலையில் போகும்போது இன்ஜினிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தது. ஓரம் கட்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. டோ செய்து டீலரிடம் கொண்டுபோனேன். "இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது (உள்ளே இறுகிச் சுழலாமல் நின்றுவிட்டது), ஆயில் ஒழுங்காக மாற்றவில்லை, வாரன்டியில் வராது" என்று சர்வீஸ் அட்வைசர் சொல்கிறார். ஒரே ஒரு தடவை வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியதைத்தான் காரணம் காட்டுகிறார்கள். இன்ஜினைப் பிரிக்கச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: இன்றைக்குப் போடாதீர்கள். பிரிக்காமல் காரணம் தெரியாது என்பதால் கடைசியில் சம்மதிக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் ஒருமுறை பிரித்துவிட்டால் அந்த இன்ஜின் நின்றபோது எப்படி இருந்தது என்பதை யாராலும் திரும்பப் பார்க்க முடியாது. வாரன்டி வழக்குகளில் கார் உரிமையாளர் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சாட்சி முழுவதும் மறுக்கிறவர் கையில் போய்விடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்னும் பிரிக்கவே இல்லை, அதற்குள் காரணம் சொல்லிவிட்டார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாக, ஆனால் மின்னஞ்சலில் கேளுங்கள். எந்தப் பாகம் கெட்டது, ஏன் கெட்டது, வாரன்டி புத்தகத்தில் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். வாய்வார்த்தையாக மறுப்பது சுலபம். எழுதச் சொன்னால் பல இடங்களில் பேச்சே மாறும்.

இன்ஜினுக்குள் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங், ஆயில் போகாததால் தேய்ந்துதான் இன்ஜின் இறுகியது என்பது உண்மையாகவே இருக்கலாம். அதனால் தவறு உங்களுடையது என்று ஆகிவிடாது. ஹூண்டாய் நிறுவனம் 2015இல் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. தொழிற்சாலையில் கிராங்க்சாஃப்டை (இன்ஜினின் சுழலும் தண்டை) கடைந்தபோது முழுதாக அகற்றப்படாத உலோகத் துகள்கள், பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்கு ஆயில் போகும் வழியை அடைக்கக்கூடும் என்பதே காரணம். 2024இல் டொயோட்டாவும் இதே போல இன்ஜினுக்குள் தங்கிவிட்ட துகள்களுக்காக டன்ட்ரா, லெக்சஸ் வண்டிகள் சுமார் 1 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. அப்படித் துகள்கள் தங்கிய வண்டிகளில் உரிமையாளர் எவ்வளவு ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தாலும் பேரிங் கெட்டிருக்கலாம். இப்படிக் கெட்ட இன்ஜினும் ஆயில் மாற்றாமல் கெட்ட இன்ஜினும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். "ஆயில் போகவில்லை" என்பது சேதத்தைச் சொல்கிறது. ஏன் போகவில்லை என்பதுதான் உங்கள் வழக்கே.

அதனால் பிரிப்பதற்கு முன்னால் சில வேலைகளை முடித்துவிடுங்கள். டிப்ஸ்டிக்கை வெளியே எடுத்து ஆயில் எந்த அளவில் நிற்கிறது என்று தேதியோடு படம் எடுங்கள். ஓடோமீட்டரையும் எடுங்கள். ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நின்று, சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் வாங்கி, மூடி, தேதி எழுதி வையுங்கள். பழைய ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போட விடாதீர்கள். அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே சிக்கிய உலோகத் தூள் தெரியும். ஆயிலைப் பரிசோதிக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆயில் கெட்டியாகி வலுவிழந்துவிட்டதா, அதில் எரிபொருளோ இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டோ கலந்திருக்கிறதா, தூசி புகுந்திருக்கிறதா, எந்த உலோகம் தேய்ந்திருக்கிறது என்றெல்லாம் அறிக்கை தருவார்கள். கூலன்ட் கலந்திருந்தால், அது ஆயிலோடு சேராமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கட் பக்கம் பார்வை திரும்பும். உங்கள் ஆயில் பில்லைப் பற்றிய சண்டையே தேவைப்படாமல் போகலாம்.

இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் ஒரு பிரின்ட் கேளுங்கள். பல பிழைகளுக்கு, அது பதிவான நேரத்தில் வேகம் என்ன, இன்ஜின் சுற்று எவ்வளவு, கூலன்ட் எவ்வளவு சூடாக இருந்தது என்பதும் சேர்ந்து பதிவாகியிருக்கும். இது இரண்டு பக்கமும் வெட்டும். சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் வெகுதூரம் ஓட்டியிருந்தால் அதுவும் வெளியே வரும்.

அப்புறம் அந்தச் சம்மதத் தாள். வாரன்டி மறுக்கப்பட்டால் பிரித்த கூலியை நீங்கள் கட்ட வேண்டும் என்று அதில் சாதாரணமாக ஒரு வரி இருக்கும். கூலிக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பிரிக்கும்போது நீங்களோ நீங்கள் அழைத்துவரும் பொறியாளரோ உடன் இருப்பீர்கள், கழற்றிய பாகங்களை உங்களைக் கேட்காமல் அகற்றக் கூடாது, எந்தப் பேரிங் எந்த சிலிண்டருடையது என்று குறித்து வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எல்லாப் பேரிங்கும் ஒரே அளவில் தேய்ந்து, உள்ளே கரிப்பசை படிந்திருந்தால் பராமரிப்பின் மேல் சந்தேகம் வருவது நியாயம். உள்ளே சுத்தமாக இருந்து, ஒரே ஒரு பேரிங் மட்டும் தன் இடத்தில் நிற்காமல் சுழன்று கருகியிருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் என்ன நடந்தது என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே டிரேயில் கொட்டிவிட்டால் இந்த வித்தியாசம் போய்விடும்.

வெளி மெக்கானிக் விஷயத்துக்கு வருகிறேன். வெளியே ஆயில் மாற்றியதாலேயே வாரன்டி போய்விடும் என்பதைப் பல நாடுகளின் சட்டம் ஏற்பதில்லை. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரன்டி சட்டப்படி, அந்த சர்வீஸை இலவசமாகச் செய்து கொடுத்தால் ஒழிய, குறிப்பிட்ட கடையில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று நிறுவனம் வாரன்டிக்கு நிபந்தனை போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டி விதிகளும் அதே திசையில்தான் போகின்றன. உங்கள் நாட்டின் நுகர்வோர் சட்டத்தையும் வாரன்டி புத்தகத்தையும் சேர்த்துப் படியுங்கள். எங்கே இருந்தாலும் பில் முக்கியம்: தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் கிரேடு, எத்தனை லிட்டர், ஃபில்டர் மாற்றியதா என்பது. வெறுமனே "சர்வீஸ்" என்று எழுதித் தொகை போட்ட பில் உதவாது. கையேட்டில் சொன்ன கிரேடையே ஊற்றியிருந்தால் நீங்கள் தைரியமாக நிற்கலாம்.

பில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த மெக்கானிக்கிடம் பழைய பதிவு இருக்கிறதா, ஆயில் வாங்கிய கடையின் ரசீதோ வங்கிக் கணக்கில் பணம் போன விவரமோ இருக்கிறதா என்று தேடுங்கள். இப்போது உட்கார்ந்து பழைய தேதியில் பில் எழுதி வாங்காதீர்கள். அது பிடிபட்டால், உண்மையிலேயே தொழிற்சாலைக் குறையாக இருந்தாலும் உங்கள் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

டீலர் கைவிரித்தால் அதோடு விடாதீர்கள். வாரன்டி கொடுத்தது தயாரிப்பு நிறுவனம். அவர்களுடைய வாடிக்கையாளர் பிரிவில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். டீலரோடு சம்பந்தமில்லாத பொறியாளரின் அறிக்கை கையில் இருந்தால் நிறுவனத்திடமும் சரி, பிறகு நுகர்வோர் நீதிமன்றத்திலும் சரி, அதற்குத் தனி எடை உண்டு.

கேள்வி: பழைய கார் வாங்கும்போது எக்ஸ்டெண்டட் வாரன்டி சேர்த்து வாங்கினேன். டைமிங் பெல்ட் அறுந்து வால்வுகள் வளைந்துவிட்டன. இன்ஜின் கவர் ஆகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது பெல்ட் தேய்மானப் பொருள் என்று சொல்லி மொத்தத்தையும் மறுக்கிறார்கள்.

பதில்: எக்ஸ்டெண்டட் வாரன்டி என்ற பெயரில் விற்பவை பலவும் வேறொரு நிறுவனம் கொடுக்கும் சேவை ஒப்பந்தங்கள். கார் கம்பெனியின் வாரன்டி என்று நினைத்து வாதாடினால் பலன் இருக்காது. அந்த ஒப்பந்தத்தின் வரிகள்தான் பேசும். முதலில் பாருங்கள்: எந்தெந்தப் பாகம் உண்டு என்று பட்டியல் போட்ட ஒப்பந்தமா, எது கிடையாது என்று பட்டியல் போட்டு மற்றதெல்லாம் உண்டு என்கிறதா? முதல் வகையில் பட்டியலில் இல்லாத பாகம் வரவே வராது.

உங்கள் விஷயத்தில் பெல்ட் ஏன் அறுந்தது என்பதைப் பிடியுங்கள். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது இந்தப் பெல்ட்தான். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரையோ வருடத்தையோ தாண்டி மாற்றாமல் ஓட்டியிருந்தால் அவர்கள் மறுப்பில் நியாயம் இருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் இருக்கும்போதே அறுந்திருந்தால் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரோ வாட்டர் பம்ப்போ இறுகி பெல்ட்டைக் கெடுத்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவை உங்கள் பட்டியலில் இருந்தால், அவற்றால் வந்த சேதமும் உண்டா என்பதற்கு ஒப்பந்தத்தில் தனி விதி இருக்கும். அதை வைத்துக் கேளுங்கள். அனுமதி வருவதற்கு முன் ரிப்பேரை ஆரம்பித்துவிடாதீர்கள். முன் அனுமதி இல்லாத வேலைக்குப் பணம் கிடையாது என்பது இந்த ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை.

கேள்வி: தண்ணீர் தேங்கிய சாலையில் கார் நின்றுவிட்டது. நாலைந்து தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். இப்போது கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது என்கிறார்கள். வாரன்டி உண்டா?

பதில்: கிடையாது. காற்று போகும் வழியாக உள்ளே நுழைந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, அதனால்தான் ராட் வளைந்தது. இது தயாரிப்புக் குறையில் வராது, காப்பீட்டு நிறுவனத்திடம் போங்கள். அங்கேயும், நின்ற பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்ததைக் காரணம் காட்டி மறுக்கப் பார்க்கலாம். இன்ஜின் சேதத்துக்குத் தனியாகக் கூடுதல் கவர் எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியில் பாருங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.

கேள்வி: புதுக் கார், ஆனால் ஒவ்வொரு மாதமும் ஆயில் குறைகிறது. டீலர் "இதெல்லாம் நார்மல்" என்கிறார். வாரன்டி முடியும்வரை இப்படியே சொல்லி ஓட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. சில நிறுவனங்களின் கையேட்டில் 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை ஆயில் குறையலாம் என்றே போட்டிருக்கும். உங்கள் கையேட்டில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அவர்களே சரியான அளவுக்கு நிரப்பி, சீல் வைத்து, குறிப்பிட்ட தூரம் ஓடியதும் அளந்து பார்ப்பார்கள். நடுவில் நீங்கள் ஊற்றினால் கணக்குக் கெட்டுவிடும். அளவு ஆபத்தாக இறங்கினால் அவர்களிடமே கொண்டுபோங்கள்.

டெஸ்ட் முடிவு எப்படி இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் "ஆயில் குறைகிறது என்று வாடிக்கையாளர் புகார்" என்று உங்கள் சொற்களில் எழுத வையுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். வாரன்டி காலத்துக்குள்ளேயே புகார் சொன்னதற்கு அதுதான் சாட்சி. ஆயில் மேலே ஏறி எரியாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கில்தான் கோளாறு என்று வாரன்டி முடிந்த பிறகு உறுதியானாலும், குறை எப்போது ஆரம்பித்தது என்பதை அந்த ஜாப் கார்டுகளை வைத்துக் காட்டலாம். அதோடு உங்கள் காரின் சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரீகாலில் சேராமல், இந்த மாடலுக்கு இந்தக் கோளாறு வருகிறது, இப்படிச் சரிசெய்யுங்கள் என்று டீலர்களுக்கு மட்டும் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின்களும் உண்டு. உங்கள் மாடலுக்கு அப்படி ஒன்று வந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.