காரைக்குடி நேரமும் பினாங்கு நேரமும்

கேள்வி: காரைக்குடியிலிருந்து பினாங்குக்கு வேலைக்குப் போகிறேன். இரண்டு ஊர் நேரமும் பழக்கமும் எவ்வளவு வேறுபடும்? வீட்டில் அப்பத்தாவோடு எப்போது பேசலாம்?

கடிகாரக் கணக்கு எளிது. பினாங்கு நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அந்த ஊரின் பொழுது பிடிபடாது. தீர்க்கரேகைப்படி இரண்டு ஊர்ச் சூரியனுக்கும் இடையே சுமார் 86 நிமிடம்தான். மீதி அரசாங்கங்கள் கூட்டியது. 1981 முடிய மலேசியத் தீபகற்பம் இந்தியாவைவிட இரண்டு மணி நேரமே முந்தியிருந்தது. கிழக்கே இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் அரை மணி கூட்டினார்கள். சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. அதனால் பினாங்கில் பொழுது விடியவே ஏழு, ஏழரை ஆகிவிடும். உச்சிப் பொழுது ஒன்றேகால் வாக்கில். சூரியன் அடையவும் ஏழைத் தாண்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தச் சிக்கல் ராகு காலத்தில் தலைகாட்டும். நம் நாள்காட்டியில் திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்றிருக்கும். உடனே இரண்டரையைக் கூட்டி, 'அங்கே பத்திலிருந்து பதினொன்றரை' என்று தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். தவறு. ராகு காலம் அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது. பினாங்கில் 7.15க்கு உதயம் என்றால் ஏறக்குறைய 8.45 முதல் 10.15 வரை. திதியும் நட்சத்திரமும் அப்படியல்ல. அவை எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில் மாறுகின்றன. அவற்றுக்கு மட்டும் இரண்டரையைக் கூட்டலாம். பிள்ளையார் நோன்புக்குச் சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் பொழுது பார்த்து இழை (திரியிட்ட மாவு உருண்டை) எடுக்கிற வீடு உங்களுடையது என்றால் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கையில்லை. ஆனால் பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். நம் ஊர் அடங்குகிற நேரத்தில்தான் பினாங்கு சாப்பிட உட்காரும். சீனர்களின் வறுத்த அரிசி நூடுல்ஸான சார் குவே தியாவ், தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த குழம்புச் சோறான நாசி கண்டார் என்று தெருவோரக் கடைகளில் நள்ளிரவு தாண்டியும் கூட்டம் நிற்கும். நாலு மணி இடைப்பலகாரத்துக்குத்தான் ஏங்குவீர்கள். கவுனி அரிசிக்கு ஏங்கத் தேவையில்லை. அதே போன்ற கறுப்பு ஒட்டரிசியைக் குழைய வேகவைத்துத் தேங்காய்ப்பால் விட்டு, புலுட் ஹித்தாம் என்று கிண்ணத்தில் தருவார்கள். நம் கவுனியும் பர்மாவிலிருந்து வந்ததுதானே!

தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடுப்பு எடுத்துவிடுங்கள். தைப்பூசத்தன்று எப்படியும் அரசு விடுமுறை. நம் பக்கத்தில் அந்தச் சமயம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழநிக்கு நடக்கும். பினாங்கில் அந்த முந்தின நாள் விடியும் முன்பே பினாங்குத் தெருவின் கோயில் வீட்டிலிருந்து முருகனை ஏற்றிக்கொண்டு வெள்ளி ரதம் கிளம்பும். வாட்டர்ஃபால் சாலையில் இருக்கும் நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்ச் சேர இரவாகிவிடும். வழியெங்கும் தேங்காய்களைக் குவித்து வைத்துச் சிதறுகாய் போடுகிறவர்களில் சீனர்கள் ஏராளம். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டியார்களின் கிட்டங்கிகள் (தொழிலிடமும் தங்குமிடமுமான கட்டடங்கள்) ஓய்ந்த பிறகும் இந்த ரதம் ஓடுவது, என் கணக்கில், அவர்கள் நடத்திய வட்டித் தொழிலைவிடப் பெரிய காரியம்.

அப்பத்தாவோடு பேச இரண்டு நேரம் தோது. அங்கே மதியம் 1 மணி, சாப்பாட்டு இடைவேளை. இங்கே காலை 10.30, பலகாரம் முடிந்து வீடு ஓய்ந்திருக்கும். இல்லையென்றால் அங்கே இரவு 8.30, இங்கே மாலை 6. இங்கே எட்டு மணிக்கு மேல் மட்டும் அழைக்காதீர்கள். உங்களுக்குப் பத்தரை தாண்டித் தூக்கம் சொக்கும். அவர் ஒரு கண்ணைத் தொலைக்காட்சித் தொடரில் வைத்துக்கொண்டு 'ம்' கொட்டுவார்.