வில்லிச்சும் பதின்மூன்று டாலரும் – கடிதம்

வணக்கம் சார்,

லூயிவில் அருங்காட்சியகத்தில் அரித்துப்போன ஒரு சுண்ணாம்புக்கல்லைப் பார்த்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த ஜெர்மன் வீரர்களின் நினைவுக்கல்லாம். பிழைக்க வந்த நாட்டில், யாருடைய சண்டையிலோ சம்பளத்துக்காகச் செத்தவர்கள்தானே? கூலிப்படைக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? இதுபற்றி நல்ல புத்தகம் எது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தக் கல் முன்னால் நின்றதற்காகவே உங்களைப் பிடித்துப்போயிற்று. அந்த வீரர்கள் அடிமைமுறைத் தெற்கை எதிர்த்த வடக்குத் தரப்பின் 32வது இண்டியானா படையினர். கல்லைச் செதுக்கியவரும் அதே படையின் சிப்பாய்தான், ஆகஸ்ட் ப்ளோட்னர். 1861 டிசம்பர் 17 அன்று கெண்டக்கியில், ரௌலட்ஸ் ஸ்டேஷன் சண்டையில் விழுந்த தோழர்களுக்காக அடுத்த மாதமே உளியை எடுத்தார்.

அதைப் பார்த்துவிட்டுமா கூலிக் கணக்கு போடுகிறீர்கள்? சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். பின்னாளில் ஆள்சேர்ப்புப் பணம் ஏறியபோது அதற்காகவே வந்தவர்களும் உண்டு, ஜெர்மானியரிலும் உள்ளூர்க்காரரிலும். உள்ளூர்க்காரன் வாங்கினால் தேசபக்தி, வந்தேறி வாங்கினால் கூலியா? 1863 மே மாதம் வடக்கு தோற்ற சான்சலர்ஸ்வில் சண்டையிலும் இதே பேச்சுதான். ஜெர்மானியர் பலர் நின்ற வலப்பக்கம் காப்பில்லாமல் கிடக்கிறது என்று வடக்கின் ஜெர்மன் தளபதி கார்ல் ஷூர்ஸ் எச்சரித்தார். அவருக்கு மேலிருந்த தளபதி ஹோவர்ட் காதில் வாங்கவில்லை. தெற்கின் தளபதி ஜாக்சன் வந்து அடித்து நொறுக்கியதும் பத்திரிகைகள் ஜெர்மானியரைக் கோழைகள் என்றன.

கொஞ்ச நாளாகவே எனக்கு வில்லிச் நினைவுதான். ஆகஸ்ட் வில்லிச், நீங்கள் பார்த்த கல்லுக்குரிய படையின் கர்னல். பிரஷ்ய ராணுவ அதிகாரி, குடியரசுக் கொள்கைக்காக வேலையை உதறிவிட்டுத் தச்சுத்தொழில் கற்றவர். 1849இல் ஜெர்மனியின் பாடனில் மன்னராட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் தொண்டர் படையை நடத்தினார். அவருக்கு உதவி அதிகாரி யார் தெரியுமா? எங்கெல்ஸ். தோற்று, லண்டனுக்கு ஓடி, அங்கே மார்க்ஸோடு முட்டிக்கொண்டு, கடைசியில் சின்சினாட்டியில் ஜெர்மன் தொழிலாளர் பத்திரிகை நடத்தினார். போர் வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்போதும் 9வது ஒஹாயோ படையில் சாதாரணச் சிப்பாயாகத்தான் பெயர் கொடுத்தார். ஊரில் பிரபுக்களிடம் தோற்ற சண்டையின் மிச்சத்தை இங்கே அடிமை முதலாளிகளோடு போட வந்த ஆள் அவர். இவர் கூலிப்படையா?

ஷைலோ சண்டையைக் கேளுங்கள். 1862 ஏப்ரல் 7. குண்டுமழையில் அவருடைய படை தடுமாறியது. வில்லிச் எதிரிக்கு முதுகைக் காட்டியபடி தன் ஆட்களின் முன்னால் நின்று, மைதானத்தில் பழக்குவதுபோலத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். தோளில் வை, இறக்கு, மறுபடி தோளில் வை. படை நிதானத்துக்கு வந்தது. சம்பளத்துக்கு வந்தவன் செய்கிற காரியமா இது? திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். இந்தக் கூலிப்பேச்சைப் படித்தவர்கள் வாயிலிருந்தே கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

புத்தகம் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு தூரம் யோசித்த நீங்கள் இன்னொன்றைக் கேட்டிருக்கலாம். 1870இல் பிரான்ஸோடு போர் மூண்டபோது, அறுபது வயதில், தான் எதிர்த்துப் போரிட்ட அதே பிரஷ்ய அரசிடமே போய், படையில் சேர்கிறேன் என்றார் வில்லிச். வேண்டாம் என்றுவிட்டார்கள். பெர்லினில் தத்துவம் படித்தார், ஒஹாயோவுக்குத் திரும்பினார், 1878இல் செயின்ட் மேரிஸ் என்ற சிற்றூரில் இறந்தார். மன்னராட்சியை எதிர்த்தவர் எதற்கு மன்னனின் படையில் சேரப் போனார்? அதைக் கேட்டு எழுதுங்கள், விரிவாகப் பேசலாம்.