மாத்திரை போட்டால் கவிதை போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 29. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கல்லூரிக் காலத்திலிருந்து கவிதை எழுதுகிறேன், சிற்றிதழ்களில் ஏழெட்டு வந்திருக்கின்றன. மூன்று மாதமாக விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, ஆபீசில் ஒரே வவுச்சரைப் பத்து தடவை பார்க்கிறேன். மனநல மருத்துவர் டிப்ரெஷன் என்று சொல்லி எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். மாத்திரை அட்டை பன்னிரண்டு நாளாகப் பீரோவில் கிடக்கிறது. என் நல்ல கவிதைகள் எல்லாம் அழுதுகொண்டே எழுதியவைதான். மாத்திரை போட்டால் அது வற்றிவிடாதா? "இந்த வலிதான் உன்னைப் பக்குவப்படுத்தும், அதை மரத்துப்போக வைத்துவிடாதே" என்கிறாள் என் தோழி. கவிதை ஒன்றும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்ததை நீங்கள் ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களுக்கு நீங்களே நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

முதலாவது, "செத்துப் போனால் தேவலை" என்ற நினைப்பு வருகிறதா? வந்தால், இந்தப் பதிலை முழுக்கப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், இன்றே மருத்துவரைப் பாருங்கள், இல்லையென்றால் 14416 என்ற டெலி-மானஸ் (இந்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை) எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு எண் 1926.

இரண்டாவது, எழுதுகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்பது. எப்போதாவது நான்கைந்து நாள், மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்று ஆகி, களைப்பே தெரியாமல், விடிய விடிய எழுதித் தள்ளியது உண்டா? பேச்சு வேகமாகி, கையில் இருந்த காசையெல்லாம் செலவழித்து, உலகத்தையே புரட்டிப்போடலாம் என்று தோன்றியதா? அப்படி ஒரு காலம் இருந்திருந்தால் மாத்திரையைத் தொடும் முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அது பைபோலார் என்கிற இருதுருவ மனநோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மனம் மறு எல்லைக்குப் பாய்ந்துவிடும். இதைப் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை, ஏனென்றால் அவர்களைப் பொறுத்தவரை அது நோய் இல்லை, நல்ல காலம்.

சரி, இரண்டுக்கும் 'இல்லை' என்றே வைத்துக்கொள்வோம். இனி கவிதைக்கு வருவோம்.

படைப்புக்கும் மனச்சோர்வுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பம் இல்லை. சம்பந்தம் உண்டு. அமெரிக்காவில் அயோவா எழுத்தாளர் பட்டறையைச் சேர்ந்த 30 எழுத்தாளர்களையும், ஒப்பீட்டுக்காக வேறு 30 பேரையும் மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசன் ஆராய்ந்தார். 1987ல் வெளியான முடிவு: எழுத்தாளர்களில் 80 சதவீதம் பேருக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் மனநிலைக் கோளாறு இருந்திருக்கிறது, மற்றவர்களில் 30 சதவீதம். சின்ன ஆய்வு, பேட்டி எடுத்ததும் அவரே என்பதால் விமர்சனமும் உண்டு. ஆனால் இந்த 80ஐ மேற்கோள் காட்டுகிற பலர் அதே எழுத்தாளர்கள் அவரிடம் சொன்ன இன்னொன்றைக் காட்டுவதில்லை. சோர்விலோ மிகையான எழுச்சியிலோ இருக்கும்போது தங்களால் எழுத முடிவதில்லை, மனம் சமநிலையில் இருக்கும்போதுதான் எழுதுகிறோம் என்றார்கள்.

ஸ்வீடனில் 2013ல் வந்த ஆய்வு மிகப் பெரியது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள். கலை, அறிவியல் துறைகளில் இருப்பவர்களை மொத்தமாகப் பார்த்தால், பைபோலார் தவிர மற்ற மனநோய்கள் அவர்களுக்கு அதிகம் இல்லை. எழுத்தாளர்கள் மட்டும் விதிவிலக்கு, மனச்சோர்வு உட்படப் பல நோய்கள் அவர்களிடம் கூடுதல். எனக்கு இதில் பிடித்த பகுதி வேறு. பைபோலார் நோயாளிகளின் கூடப்பிறந்தவர்கள், அதாவது நோய் இல்லாதவர்கள், இத்தகைய துறைகளில் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தார்கள். படைப்புக்கு உதவுவது குடும்பத்தில் ஓடுகிற ஏதோ ஒரு குணம், நோய் அல்ல என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

என்ன குணம்? உள்ளே திரும்பிப் பார்க்கும் பழக்கமாக இருக்கலாம். 2005ல் அமெரிக்க மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வில் மனச்சோர்வுக்கும் படைப்புக்கும் நேரடித் தொடர்பு கிடைக்கவில்லை. தன்னைப் பற்றியே அசைபோடும் பழக்கம் இரண்டோடும் தொடர்புள்ளதாக இருந்தது. தாய் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. ஒரு பிள்ளைக்கு வைத்தியம் பார்த்தால் இன்னொரு பிள்ளை செத்துவிடாது.

என்னிடம் வந்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அவரும் உங்களைப் போலவேதான், "சோகம் போனால் எழுத்து போய்விடும் டாக்டர்" என்றார். அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது, ஒவ்வொரு கவிதைக்கும் கீழே தேதி போடுவார். 200 பக்க நோட்டைக் கொண்டுவரச் சொல்லி இருவரும் புரட்டினோம். மோசமான மூன்று மாதங்களில் 'எல்லாம் இருட்டு' என்று தொடங்கும் அதே நான்கு வரி பதினோரு முறை இருந்தது. ஒரு தடவை இருட்டு, ஒரு தடவை இருள், ஒரு தடவை காரிருள். அப்புறம் வெற்றுப் பக்கங்கள். நல்ல கவிதை எது என்று அவரையே காட்டச் சொன்னேன். அந்த மாதங்களில், மகன் தூங்கட்டும் என்று வாசலில் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு உள்ளே வந்த அப்பாவைப் பற்றிய கவிதையைக் காட்டினார். கீழே இருந்த தேதி, அவர் குணமாகி நான்கு மாதம் கழித்து. விஷயம் நோயிலிருந்து வந்தது. எழுதியது நோயாளி இல்லை.

இதற்கு மருத்துவத்தில் ஒரு விளக்கம் உண்டு. மார்க் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986 முதல் எழுதிவரும் விஷயம் இது. சோர்வில் இருப்பவரிடம் "சந்தோஷமான ஒரு நாளைச் சொல்லுங்கள்" என்றால், "லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போவோம்" என்று பொதுவாகச் சொல்வார். "ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மத்தியானம்" என்று வற்புறுத்தினாலும் வராது. அந்த நுங்கு, அந்தத் திண்ணை, பாட்டியின் கைவளை, எதுவும் வராது. நினைவின் நுனி மழுங்கிவிடுகிறது. கணக்குப் பிரிவில் வவுச்சரைப் பத்து முறை பார்க்கிறீர்களே, அதே மூளைதான் கவிதையில் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறிப்பான சொல் கிடைக்காத இடத்தில்தான் 'இருட்டு' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷுமானின் படைப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். 1840ல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள், 1849 இன்னொரு உச்சம். கடும் சோர்வில் கிடந்த 1844ல் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மனம் மிகையான எழுச்சியில் இருந்த ஆண்டுகளில் எண்ணிக்கைதான் கூடியது, தரம் கூடவில்லை என்று உளவியலாளர் ராபர்ட் வைஸ்பெர்க் 1994ல் கணக்குப் போட்டுக் காட்டினார். தரத்தை அவர் அளந்தது ஒலிப்பதிவுகளின் எண்ணிக்கையை வைத்து. இசை ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், போகட்டும்.

மாத்திரை எதையுமே தொடாது என்றும் சொல்ல மாட்டேன். லித்தியம் சாப்பிட்ட 24 கலைஞர்களிடம் டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஷௌ கேட்டு 1979ல் எழுதினார். 12 பேர் முன்பைவிட அதிகம் படைத்ததாகவும், 6 பேர் மாற்றமில்லை என்றும், 6 பேர் குறைந்ததாகவும் சொன்னார்கள். லித்தியம் பைபோலாருக்கான மருந்து, உங்களுடையது வேறு. ஆனாலும் அந்தக் கடைசி 6 பேரை மறைத்துவிட்டு உங்களிடம் பேசுவது நியாயமில்லை. எஸ்சிட்டலோபிராம் வகை மருந்துகளிலும் சிலருக்கு உணர்ச்சி மந்தமாகிறது. அழுகை வராது, சிரிப்பும் முழுசாக வராது, "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்க்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். அப்படி ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரலாம். மருத்துவரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

முதல் வாரம் குமட்டல் இருக்கலாம், சாப்பிட்ட பின் போட்டுப் பாருங்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு. பக்கவிளைவு முன்னால் வந்துவிடும், நன்மை பின்னால் வரும். பலர் இடைப்பட்ட அந்த நாட்களில்தான் அட்டையைத் திரும்பப் பீரோவில் வைக்கிறார்கள். குணமானதும் நிறுத்திவிடாமல் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். சோர்வு மிதமாக இருந்தால் பேச்சுவழி சிகிச்சை மட்டுமே கூடப் போதும். உங்களுக்கு மூன்று மாதமாகத் தூக்கம், பசி, கவனம் மூன்றும் கெட்டிருப்பதால், இரண்டையும் சேர்த்தே செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அதுவரை எழுதலாமா? எழுதலாம், ஆனால் மணி வைத்து. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986ல் மாணவர்களைத் தினம் 15 நிமிடமாக நான்கு நாள் மனதை அழுத்திய விஷயத்தை எழுதச் சொன்னார். எழுதிய கையோடு மனம் இன்னும் கனத்தது. அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவமனைக்குப் போவது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் சின்னதாகவே தெரிந்தது, அதனால் எழுத்தே மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு என் யோசனை: பகலில் 15 நிமிடம், கண்ணில் பட்ட ஒரே ஒரு பொருளைப் பற்றி. காலையில் பால் பாக்கெட்டை வெட்டிய கத்தரிக்கோல், பக்கத்து சீட்காரரின் டிபன் பாக்ஸ், எதுவானாலும். கவிதையாக இருக்க வேண்டியதில்லை. 'நான்' வந்தால் பரவாயில்லை, நேற்று எழுதிய வாக்கியமே திரும்ப வந்தால் மூடிவைத்துவிடுங்கள். மூன்று மணிக்கு விழிப்பு வரும்போது மட்டும் எழுத வேண்டாம். அந்த நேரத்து மனம் சொல்வதை நான் என் விஷயத்திலேயே நம்புவதில்லை.

உங்கள் தோழி நல்லவர். அவர் சொல்வதில் பாதி உண்மை. துயரத்துக்குப் பின் வளர்ச்சி என்பதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கால்ஹவுனும் 1996ல் அதற்கென்று ஓர் அளவுகோலே உருவாக்கினார்கள். ஆனால் வளர்ச்சி துயரத்திலிருந்து தானாக வருவதாக அவர்கள் சொல்லவில்லை, அதோடு மல்லுக்கட்டி மீள்வதிலிருந்து வருகிறது என்றார்கள். மல்லுக்கட்டத் தெம்பு வேண்டும். தூக்கமும் சாப்பாடும் இல்லாதவர் எதில் பக்குவப்படுவார்? பக்குவம் வராமலே குணமானாலும் அதில் தப்பொன்றும் இல்லை, காய்ச்சல் வந்து போனவரிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று நாம் கேட்பதில்லை. நவீனத் தமிழ்க் கவிதை படிப்பவருக்கு ஆத்மாநாமைத் தெரிந்திருக்கும். 'ழ' இதழை நடத்தியவர், மனநோயோடு போராடியவர், 1984ல் 33 வயதில் தன் முடிவைத் தேடிக்கொண்டார். அந்த நோய்தான் அவருக்குக் கவிதை கொடுத்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் அவர் எழுதியிருக்கக்கூடிய கவிதைகள் நம்மிடம் இல்லை.

நீங்கள் அனுப்பிய கவிதையைப் படித்தேன். ஹாஸ்டல் மொட்டை மாடிக் கொடியில் யாரோ எடுக்க மறந்த ஒற்றைச் சாக்ஸ் மூன்று நாளாக நனைந்து காய்கிற அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. அழுதுகொண்டே எழுதியதாகச் சொல்கிறீர்கள். கீழே தேதி இல்லை. பழைய நோட்டில் தேடிப் பார்த்து, அது எந்த மாதம், அந்த மாதம் எப்படித் தூங்கினீர்கள், வேலைக்கு ஒழுங்காகப் போனீர்களா என்று எழுதுங்கள்.