நீதிமன்றக் கோபுரத்தில் கப்பலுக்கு விளக்கா?

"சென்னை உயர் நீதிமன்றத்தின் மேலே கலங்கரை விளக்கம் இருந்ததாமே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். வேலை நிமித்தம் பல வருடங்களாக அந்த வளாகத்துக்குள் போய்வருகிறேன், அதனால் கொஞ்சம் ஆசையாகவே சொல்கிறேன்.

இந்தக் கரை ஒரே தட்டை. கடலிலிருந்து பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளக் கரையோரத்தில் மலையும் இல்லை, குன்றும் இல்லை. இயற்கைத் துறைமுகமும் கிடையாது. அந்தக் காலத்தில் கப்பல்கள் தள்ளி நின்று நங்கூரம் போடும். ஆட்களும் சரக்கும் மசூலா படகில்தான் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். அந்தப் படகின் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் வளைந்து கொடுக்க வேண்டுமே! இப்படிப்பட்ட இடத்தில் இரவில் ஒரு வெளிச்சம் எவ்வளவு பெரிய விஷயம்!

முதல் விளக்கு 1796இல் ஏற்றப்பட்டது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இப்போது கோட்டை அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில், தேங்காய் எண்ணெயில் எரிந்தது. அடுத்தது, ஒரு கல்தூண். கிரேக்கப் பாணியில் கருங்கல்லால் கட்டி, 1844இல் விளக்கேற்றினார்கள். பிறகு அதன் பக்கத்திலேயே நீதிமன்றம் எழும்பியது, 1892இல் திறந்தார்கள். அதன் பெரிய கோபுரம் ஏறத்தாழ 175 அடி. தூணைவிட உயரம். இனி விளக்கு அங்கே இருப்பதுதானே சரி? 1894இல் கோபுர உச்சிக்கு மாற்றினார்கள். நீங்கள் கேட்ட விளக்கு அதுதான்.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டபோதும் கோபுரத்தில்தான் விளக்கு இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நீதிமன்ற மதிலிலும் ஒரு குண்டு விழுந்தது, அந்த இடத்தில் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். "அவன் பெரிய எம்டன்" என்று நாம் சொல்வதே அந்தக் கப்பலை வைத்துத்தான்.

1977இல் மெரினாவில் இப்போதைய கலங்கரை விளக்கம் வந்தது. அதில் லிஃப்ட்கூட உண்டு. கோபுர விளக்கின் வேலை அதோடு முடிந்தது.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது அந்தக் கல்தூண்தான். எல்லோரும் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தூணோ வண்டிகளுக்கும் வழக்குக்காக வருபவர்களுக்கும் நடுவே, உச்சியில் விளக்கில்லாமல் நிற்கிறது. ஏதோ நினைவுத்தூண் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஐம்பது வருடம் கப்பல்களுக்கு வழி காட்டியது அது. அந்தப் பக்கம் போனால் கிட்டே போய் ஒருமுறை பாருங்கள்.